இன்னொரு காலம்

ஐந்தாம் செமஸ்டரில் எட்டு வாரம்
மைசூர் ரோட்டுக் கல்லூரியின் கேன்டீன் பின்வாசலில்
மீந்த சோற்றை எடை போட்டேன்.
அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர்.
பச்சை டிஷர்ட் கொடுத்தார்கள்,
ஒரே துவைப்பில் வெளுத்தது.

வாளி மட்டும் ஒன்றேகால் கிலோ,
அதைக் கழித்துவிட்டு எழுத வேண்டும்.
திங்கள், நாற்பத்தொரு கிலோ முந்நூறு.
பிசிபேளாபாத் போட்ட புதனில் வெறும் பதினெட்டு.
உப்புமா நாளில் தராசு திணறி
எர்ரர் என்று சிவப்பில் காட்டியது.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிக்கதாயம்மா
எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"என்னா, உப்புமா ஃபெயிலா?"

கரண்டியைச் சிறிதாக்கச் சொன்னோம்.
வேண்டுமென்றால் மறுபடி வாங்கிக்கொள்ளட்டும் என்றோம்.
ஆறாம் வாரம் கோடு சரிந்தது,
எட்டாம் வாரம் ஒன்பது கிலோ.
சுகேஷ் அதைப் பச்சை வரைபடமாக்கினான்.
முதல்வர் கைகுலுக்கினார்,
கேமரா தயாராக இல்லாததால்
இன்னொரு முறை குலுக்கினார்.

துருகப்பா அன்றும் வந்திருந்தார்.
லக்கேஜ் ஆட்டோவில் நான்கு நீல டிரம்.
கெங்கேரிக்கு அப்பால் எங்கேயோ
அவருடைய பன்றிகள்.
முதல் டிரம்மின் அடிகூட மறையவில்லை.
குனிந்து உள்ளே பார்த்தார்.
"இஷ்டேனா?" என்றார்.
இவ்வளவுதானா.
என்னிடம் கேட்டாரா, டிரம்மிடமா,
தெரியவில்லை.
குரல் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி
மெதுவாக வெளியே வந்தது.
நான் பேனா மூடியைத் தேடுவதுபோல் நின்றேன்.

அறுபத்திரண்டு பக்க அறிக்கையில்
பன்றி என்ற சொல் இல்லை.
பிறகு ஓர் இரவு கண்ட்ரோல் எஃப் அழுத்தித்
தேடியும் பார்த்திருக்கிறேன்.
பூஜ்யம் முடிவுகள்.

அந்த அறிக்கைதான்
எனக்கு வேலை வாங்கித் தந்தது.

இப்போது மாரத்தஹள்ளியில் பதினோராம் மாடி.
கம்பெனிகளின் தண்ணீரை, மின்சாரத்தை, குப்பையைக்
குறைத்துக் கொடுக்கிறோம்.
நன்றாகவே குறைக்கிறோம், பொய் இல்லை.
எக்செலில் எட்டுக் காலங்கள் வழக்கமானவை,
பத்தாவது ஒப்புதல் கையெழுத்துக்கு.
ஒன்பதாவதாக நான் ஒரு காலம் திறந்து வைப்பேன்.
தலைப்பு, டிரம்.
புதிதாகச் சேர்கிறவர்கள்
ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைக்கிறார்கள்.

ஓர் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி நின்றது.
டிரம்மில் எழுதினேன்: ஓட்டுநர் மூன்று, கிளீனர் இரண்டு.
ஓர் அலுவலகத்தில் பேப்பர் கப் ஒழிந்தது.
பீண்யாவில் ஒற்றை அறை, ஒற்றை மெஷின்,
மீதித் தவணை பதினான்கு.
சில நாள் யாரென்றே தெரியாது.
கேள்விக்குறி போட்டுவிட்டு
காபி எடுக்கப் போவேன்.

மேனேஜர் ஷெர்னாஸ் நல்லவர்.
"இந்தக் காலத்துக்கு யாரும் பணம் தருவதில்லை,
ஆனால் அழிக்காதே,
அனுப்பும்போது மறைத்துவிடு" என்கிறார்.
அதனால் எங்கள் கோப்புகளில்
எச்சுக்குப் பக்கத்தில் ஜே நிற்கும்.
நடுவில் ஐ இருக்காது.
இதுவரை ஒரே ஒரு கிளையண்ட் கேட்டார்,
அவரும் அச்சுப் பிழை என்று நினைத்துத்தான்.

சுகேஷ் ஹூப்ளியில் சோலார் விற்கிறான்.
சாப்பிட்டு முடித்த தட்டை இன்னும்
படமெடுத்து அனுப்புகிறான்,
"எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு.
நாற்பது கிராம் என்பேன்.
தட்டைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்,
பழக்கம்.

போன மழையில் நாயண்டஹள்ளி சிக்னலில்
ஸ்கூட்டரை ஒட்டி ஒரு லக்கேஜ் ஆட்டோ.
நான்கு நீல டிரம்.
ஓட்டுகிறவர் முகம் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்.
மூடிமேல் மழை விழும் சத்தத்தை வைத்து
உள்ளே எவ்வளவு இருக்கும் என்று
காதைக் கொடுத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.
ஒன்று நிறைந்த சத்தம்.
இரண்டாவது, பாதி.
மூன்றாவதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.